தகவலாளி நிலையிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு: கல்வராயன்மலைப் பள்ளி மாணவர்க்கான கோடைக்கால அறிவியல் ஆய்வுப் பயிற்சி

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதார நிலையில் பின்தங்கிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வகங்களில் அமர்த்தி, ஓர் உண்மையான ஆய்வுச் சிக்கலில் ஈடுபடுத்தும் பயிற்சி முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையின் கரியாலூர் வட்டாரம் களமாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்க வேதியியல் கழகம் 1968 முதல் நடத்திவரும் திட்டம், இந்திய அரசின் திட்டங்கள், தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகியவற்றின் அமைப்பு ஆராயப்படுகிறது. மலையடிவாரத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தையும் மரவள்ளி மாவுப்பூச்சிச் சிக்கலையும் கொண்டு, இத்தகைய பயிற்சி மலைவாழ் மாணவர்க்கு எவ்வாறு பொருந்தும் என்பது காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கல்வராயன்மலை, கரியாலூர், மலையாளிப் பழங்குடியினர், கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, மரவள்ளி மாவுப்பூச்சி, உதவித்தொகை, அறிவியல் தமிழ்.

முன்னுரை

கல்வராயன்மலை ஆய்வுலகுக்குப் புதிய இடமன்று. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ அடிகளார் 1980களில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவரவியல் தொகுதிகளில் இம்மலையின் செடி கொடிகள் இடம்பெற்றன. அதன்பின் மலையாளிப் பழங்குடியினரின் மூலிகை அறிவைப் பட்டியலிடும் கட்டுரைகளும், அவர்தம் சடங்கு, வழக்காறு, திருமண முறை பற்றிய ஆய்வேடுகளும் தொடர்ந்து வந்துள்ளன. இவ்வாய்வுகளில் மலைவாழ் மக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தோன்றுவர்: தகவலாளிகள் பட்டியலில். பெயர், அகவை, ஊர், தொழில் என நான்கு கட்டங்களுக்குள் அவர்கள் பங்கு முடிந்துவிடும். செடியைக் காட்டியவரின் பேரப்பிள்ளை அச்செடியைப் பற்றிக் கேள்வி எழுப்பி, அளந்து, எழுதும் நிலை வந்ததா என்பதை இவ்வாய்வுகளை வழிநடத்திய நாம் அரிதாகவே எண்ணிப் பார்த்திருக்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. அவர்களுள் மலையாளிகளே எண்ணிக்கையில் பெரிய பிரிவினர். மாநில எழுத்தறிவு விழுக்காடு 80ஐத் தொட்ட அவ்வாண்டில் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடாக இருந்தது. கல்வராயன்மலையில் ஜாகீர் முறை 1976 வரை நீடித்தது என்பதையும் இவ்வெண்ணோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது கல்வராயன்மலை தனி வட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை அங்கே பேசப்பட்டன. அறிவியல் ஆய்வு என்பது இவற்றுக்குப் பிறகு வரவேண்டிய ஆடம்பரம் என்று தோன்றலாம். அவ்வாறு கருத இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘இன்டர்ன்ஷிப்’ எனப்படுவதைத் தமிழில் உள்ளகப் பயிற்சி, உள்ளுறைப் பயிற்சி எனப் பலவாறு வழங்குகின்றனர். இவற்றுள் எதுவும் பள்ளி மாணவர்க்கான ஆய்வுப் பயிற்சியின் தன்மையைச் சரியாக உணர்த்துவதாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் சில மாதம் அமர்ந்து தொழில் பழகுவதையே அச்சொற்கள் நினைவூட்டுகின்றன. இங்குக் ‘கோடைக்கால ஆய்வுப் பயிற்சி’ என்ற தொடர் கையாளப்படுகிறது.

இப்பயிற்சியை மூன்று ஒத்த வடிவங்களிலிருந்து வேறுபடுத்திக் காணவேண்டும். அறிவியல் முகாமில் மாணவர் சொற்பொழிவு கேட்கிறார். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கிறார். அறிவியல் கண்காட்சியில் முன்பே விடை தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுகிறார். பள்ளிச் செய்முறை வகுப்பில் விடை பாடநூலின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஆய்வுப் பயிற்சியிலோ, தொடங்கும் நாளில் விடை வழிகாட்டிக்கும் தெரியாது. எதிர்பார்த்தது வராமலும் போகலாம். இத்தன்மை இல்லாத பயிற்சி எத்துணைச் சிறந்த கருவிகளோடு நடப்பினும் அதை ஆய்வுப் பயிற்சி என அழைப்பது பொருந்தாது.

1968இல் தொடங்கிய ஒரு முன்மாதிரி

வறிய குடும்பத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கெனவே அமைந்த பயிற்சிகளுள் நெடுங்காலம் நிலைத்தது அமெரிக்க வேதியியல் கழகத்தின் ‘புராஜெக்ட் சீட்’ திட்டமாகும். 1968இல் தொடங்கிய இத்திட்டத்தில், குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழ் உள்ள மாணவர் கோடையில் எட்டு முதல் பத்து வாரம் பல்கலைக்கழக, அரசு அல்லது தொழில்துறை ஆய்வகம் ஒன்றில் ஓர் அறிவியலரின் வழிகாட்டுதலில் பணியாற்றுகிறார். முடிவில் அறிக்கை எழுதுகிறார். பலர் தம் ஆய்வை அரங்குகளில் எடுத்துரைக்கின்றனர். விரும்புவோர் இரண்டாம் கோடையும் தொடரலாம்.

இவ்வமைப்பில் நம் கவனத்துக்குரியவை இரண்டு. முதலாவது, நுழைவுக்கான முதன்மை அளவுகோல் வருமானம். இரண்டாவது, மாணவர்க்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. வறிய வீட்டுப் பதினாறு வயதினருக்குக் கோடை ஓய்வுக்காலம் அன்று. அது சம்பாதிக்கும் காலம். அந்த வருவாயை ஈடு செய்யாமல் ஆய்வகக் கதவைத் திறந்து வைத்தால், நுழைபவர் வேறு ஒருவராக இருப்பார். இவ்வுண்மையை உணர்ந்தே அத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது.

இத்தகைய பயிற்சிகள் தாமாகவே பயன் விளைத்துவிடும் என்றும் கொள்ளலாகாது. ரேண்டி பெல், லெஸ்லி பிளேர், பார்பரா கிராஃபோர்டு, நார்மன் லெடர்மன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, எட்டு வாரம் அறிவியலரோடு பணியாற்றிய உயர்நிலைப் பள்ளி மாணவர் பத்துப் பேரைப் பற்றியது. மாணவர்களின் செய்திறன் வளர்ந்தது என வழிகாட்டிகள் கருதினர். அறிவியல் என்பது எத்தகைய அறிவு, அது எவ்வாறு உருவாகிறது என்பன பற்றிய அவர்களின் புரிதலோ பெரும்பாலும் முன்பிருந்தவாறே இருந்தது. குறிப்பிடத்தக்க மாற்றம் ஒரு மாணவரிடமே காணப்பட்டது. செய்ததைப் பற்றி நின்று சிந்திக்கவும் பேசவும் இடமில்லையெனில், ஆய்வகத்தில் கழியும் கோடை கைவேலைப் பயிற்சியாகச் சுருங்கிவிடும் என்பதே இதன் பொருள். சோதனைக் குழாய் கழுவவும் அட்டவணை நிரப்பவும் மட்டும் மாணவரைப் பயன்படுத்தும் வழக்கம் நம் கல்லூரிகளிலும் அரிதன்று.

இந்தியத் திட்டங்களின் வாயில்கள்

இந்தியாவில் இத்துறையில் முயற்சியே இல்லை என்று கூற இயலாது. கிஷோர் வைஞானிக் புரோத்சாகன் யோஜனா 1999 முதல் செயற்பட்டு, 2022இல் ‘இன்ஸ்பையர்’ திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2008இல் தொடங்கிய ‘இன்ஸ்பையர்’ திட்டத்தின் ஒரு பிரிவு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் 1 விழுக்காட்டில் வந்து பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பயில்வோர்க்கு ஐந்து நாள் முகாம் நடத்துகிறது. அதன் ‘மானக்’ பிரிவு, புதிய எண்ணத்தைச் செயலாக்க மாணவர்க்கு 10,000 ரூபாய் வழங்குகிறது. இஸ்ரோ 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரு வாரம் தன் மையங்களில் தங்கவைத்துப் பயிற்றுகிறது. ஊர்ப்புறப் பள்ளி மாணவர்க்குத் தனி மதிப்பெண்ணும் தருகிறது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நடமாடும் ஆய்வுக்கருவிகளோடு பள்ளிக்கே செல்கிறது.

இவற்றின் நன்மையை மறுப்பதற்கில்லை. கேள்வி வாயிலைப் பற்றியது. முதல் 1 விழுக்காடு என்ற வரம்பு, ஏற்கெனவே நன்கு கற்பிக்கப்பட்டவரைக் கண்டெடுக்கும். கற்பிக்கப்படாதவரிடம் இருக்கும் ஆய்வு நாட்டத்தை அது அறியாது. இணையவழி விண்ணப்பம், இணையவழி வினாடிவினா, சான்றிதழ்ப் பதிவேற்றம் ஆகியவை தொடர்பலை நிலையாகக் கிடைக்காத சிற்றூர்களில் தேர்வுக்கு முந்தைய இன்னொரு தேர்வாக அமைகின்றன. சாதிச் சான்றிதழ் பெறுவதிலேயே பல்லாண்டு அலையும் மலையாளிக் குடும்பங்கள் உண்டு. அப்பிரிவினர் குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டுமே பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டிருப்பது இதற்கொரு காரணம். கிஷோர் வைஞானிக் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடத்தப்படுவதை எதிர்த்து 2021இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது. வறுமையையோ பள்ளியின் நிலையையோ கருதாமல் திறனை அளக்கும் வாயில்கள், பார்வைக்கு நடுநிலையானவை. அவ்வளவே.

இவற்றினும் நம் சூழலுக்கு நெருக்கமானது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993இல் தொடங்கிய இதனைத் தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல்லாண்டு ஒருங்கிணைத்து வந்துள்ளது. 10 முதல் 17 வயது வரையிலான குழந்தைகள் தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து, வழிகாட்டி ஆசிரியரோடு ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதி, மாவட்ட, மாநில, தேசிய நிலைகளில் வழங்குகின்றனர். கேள்வி ஊரிலிருந்து எழவேண்டும், மொழி குழந்தையின் மொழியாக இருக்கவேண்டும் என்னும் இரு நெறிகளையும் அது முன்பே நிலைநாட்டிவிட்டது. அதில் இல்லாதவை ஆய்வகமும் உதவித்தொகையும். பள்ளி நாள்களுக்கிடையே, ஆசிரியரின் தனி ஆர்வத்தை நம்பியே அது நடைபெறுகிறது. அமெரிக்க முன்மாதிரியின் உதவித்தொகையையும் மாநாட்டின் மண்சார்ந்த கேள்வியையும் ஒன்றாக்கும் இடமே நாம் தேடவேண்டியது.

மாவுப்பூச்சியும் குளவியும்

அவ்விடம் கல்வராயன்மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கரியாலூரிலிருந்து வெள்ளிமலை, கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டப் பக்கம் இறங்கினால் பெத்தநாயக்கன்பாளையத்தை அடுத்து ஏத்தாப்பூர் உள்ளது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் அங்கு அமைந்திருக்கிறது. மலையின் மேலும் கீழும் மரவள்ளி முதன்மையான பணப்பயிர். இவ்வட்டாரத்தார் அதனைக் குச்சிக்கிழங்கு என்றும் கூறுவர். சேலம் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகள் மலையிலிருந்து இறங்கும் கிழங்கையும் நம்பியிருக்கின்றன. ஆக, கரியாலூர் மாணவர் ஒருவரின் வீட்டு வருவாயும் ஏத்தாப்பூர் அறிவியலரின் ஆய்வுப் பொருளும் ஒரே செடி.

2020இல் அச்செடிக்கு ஒரு புதிய பகை கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. பினகாக்கஸ் மேனிஹாட்டி என்னும் அம்மாவுப்பூச்சி தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து பல நாடுகளின் உணவுப் பயிரை அழித்தது; பின்னர்த் தாய்லாந்தில் பரவியது. தளிரில் சாற்றை உறிஞ்சும்போது கணுவிடை குறுகி, இலை சுருண்டு, நுனி முழுதும் கொத்தாகத் திரண்டுவிடும். கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களும் பாதிப்புக்கு உள்ளாயின.

ஆப்பிரிக்காவில் இதற்குத் தீர்வாக அமைந்தது ஒரு சின்னஞ்சிறு குளவி. பராகுவேயில் கண்டறியப்பட்ட அனகைரஸ் லோபேசி என்னும் அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று வளரும். பூச்சியின் உடல் விறைத்துப் பழுப்பேறிக் கூடுபோல் ஆகும். வளர்ந்த குளவி அதில் துளையிட்டு வெளிவரும். இப்பணியை முன்னெடுத்த ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் இக்குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது.

இனி, ஒரு மாணவர் செய்யக்கூடிய ஆய்வு யாது என்பதைக் காண்போம். அடிவாரத்து வெப்பத்தில் விடப்பட்ட குளவி, மலைமேல் குளிர்ந்த வயல்களில் எந்த அளவுக்கு நிலைகொண்டுள்ளது? இக்கேள்விக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைவில்லை, தாள் உறை, மெல்லிய துணியால் மூடிய குப்பி, குறிப்பேடு ஆகியவை போதும். மாவுப்பூச்சி வறண்ட காலத்தில் பெருகி மழையில் குறைவதால் கோடையே இதற்கு ஏற்ற பருவம்.

செய்முறை எளிது; அதனுள் இருக்கும் சிந்தனை எளிதன்று. பயிர் நிற்கும் வயல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பத்துச் செடிகளை எடுப்பதாகக் கொள்வோம். எந்தப் பத்து? கண்ணுக்கு நோயுற்றதாகத் தோன்றும் செடிகளையே கை நாடும். அவ்வாறு எடுத்தால் வயலே அழிந்துவிட்டதாகக் கணக்கு காட்டும். எனவே இத்தனை அடிக்கு ஒரு செடி என முன்கூட்டியே விதி வகுத்து, நோய் இல்லாச் செடி வந்தாலும் அதையே எடுக்கவேண்டும். மாதிரித் தேர்வு என்ற கருத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது.

அடுத்து எண்ணுதல். ஒரு தளிரில் 40 பூச்சிகளும் அவற்றுள் பழுப்பேறி விறைத்தவை 10ம் இருப்பதாக வைத்துக்கொண்டால், குளவியால் தாக்குண்டவை 25 விழுக்காடு என்று மாணவர் எழுதுவார். அதே தளிரைக் குப்பியில் இட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால், வெளிவரும் குளவிகள் பத்துக்கு மேல் இருக்கலாம். வயலில் எண்ணியபோது வெள்ளையாக, உயிரோடு தோன்றிய பூச்சிகள் சிலவற்றுள் குளவிப்புழு ஏற்கெனவே இருந்திருக்கும். அப்படியாயின் முதல் எண் பொய்யா? அன்று. அது வேறொன்றை அளந்த எண். இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தானே கண்டு, தானே விளக்கம் தேடும் மாணவர், தரவு என்பது இயற்கை நேராகத் தரும் செய்தி அன்று, நாம் அளந்த முறையின் விளைவு என்பதை உணர்கிறார். பெல் முதலானோரின் ஆய்வில் பெரும்பாலான மாணவர்க்கு வாய்க்காத புரிதல் இதுவே. வழிகாட்டி செய்யவேண்டியது, அந்த நாளில் அரைமணி நேரம் அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவது.

எறும்பு ஊரும் செடிகளில் குளவியின் பணி தடைப்படுமா, ஊடுபயிர் உள்ள வயலில் எண்ணிக்கை மாறுமா எனக் கேள்விகள் கிளைக்கும். தன் வீட்டு வயலில் பூச்சிமருந்து அடிக்கப்பட்டதும் அடிக்கப்படாததும் மாணவருக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு அது ஒரு நேர்காணல், ஒரு நாள் பயணம். இங்கே மலைவாழ் மாணவரின் இருப்பிடம் குறையாக அன்றி ஆய்வுக்கருவியாகவே ஆகிறது. ஏத்தாப்பூர் நிலையத்துக்கும் இதனால் பயன் உண்டு: மலைமேல் வயல்களைக் கோடை முழுதும் கண்காணிக்கும் கண்கள் கிடைக்கும். ஒருவருக்கு ஒருவர் செய்யும் உதவியாக அன்றி, இருவருக்கும் தேவையான பணியாக இருந்தாலன்றி இத்தகைய ஏற்பாடுகள் இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை.

எந்தக் கோடை, எவ்வளவு தொகை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் முடிகிறது. முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. பதினொன்றாம் வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. இவ்விடைவெளியில்தான் மலைப்பகுதி மாணவர் பலரின் படிப்பு முடிவாகிறது. கேரளத்துக்கும் குடகுக்கும் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோருடன் பிள்ளையும் செல்வது, திரும்பும்போது பள்ளி தொடங்கியிருப்பது, பிறகு போகாமலே விடுவது என்பது அறிந்த வரிசை. போகாமல் தங்கியவர்க்கும் அறிவியல் பிரிவா, வேறு பிரிவா என்ற முடிவு அதே வாரங்களில் எடுக்கப்படுகிறது. ஆகவே ஆய்வுப் பயிற்சிக்குரிய கோடை, பத்தாம் வகுப்புக்குப் பின்வரும் கோடையே. ‘இன்ஸ்பையர்’ முகாமைப் போலப் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் மாணவர்க்கென வைத்தால், தேர்வு செய்யப்படவேண்டியவர் அதற்கு முன்பே விலகிப் போயிருப்பார்.

தொகையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 336 ரூபாய். வாரம் 6 நாளாக 6 வாரத்துக்கு 36 நாள். மாணவர் ஒருவருக்கு 12,096 ரூபாய். பத்து மாணவர்க்கு 1,20,960 ரூபாய். ஒரு தேசியக் கருத்தரங்குக்குக் கல்லூரிகள் பெறும் நல்கையை அறிந்த பேராசிரியர்களுக்கு இவ்வெண் எவ்வளவு சிறியது என்று விளக்கத் தேவையில்லை. இத்தொகை வாரந்தோறும் மாணவர் கணக்கில் சேரவேண்டும். இறுதியில் விழா நடத்தி, பொன்னாடையோடு காசோலை வழங்கினால், முதல் வாரமே வீட்டில் அரிசிக்கு விடை தேடவேண்டிய குடும்பம் பிள்ளையை அனுப்பியிராது.

தங்குமிடம் பற்றிய சிக்கல் நினைப்பதினும் சிறியது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் விடுதிகள் கோடையில் காலியாகவே இருக்கின்றன. ஏத்தாப்பூருக்கு அருகில் அபிநவத்தில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளியும் உண்டு. மலைமேல் வெள்ளிமலையிலும் ஒன்று உண்டு. விடுதிக் காப்பாளர், சமையலர் ஆகியோரின் கோடைப் பணிக்கு ஆணை பெறுவதே உண்மையான வேலை. மாணவியர்க்குப் பெண் ஆசிரியர் ஒருவர் உடன் தங்குவது கட்டாயம். பூச்சிமருந்து தெளித்த வயலுக்குள் எத்தனை நாள் நுழையலாகாது என்பது போன்ற பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருத்தல் வேண்டும். 14 வயது நிரம்பியவராயினும் இடர்மிகு பணியில் 18 வயதுக்குட்பட்டவரை ஈடுபடுத்தச் சட்டம் இடந்தருவதில்லை.

தேர்வு முறை மதிப்பெண்ணை நம்பாதிருப்பின் வேறு எதை நம்புவது? மாணவரை ஒரு வயலுக்கு அழைத்துச் சென்று, ஒரு மணி நேரம் கண்டவற்றைப் பேசச் சொல்லலாம். அவர் கேட்கும் கேள்விகளே போதிய அளவுகோல். இம்முறையில் தேர்வாளரின் விருப்பு வெறுப்பு கலக்கும் என்ற ஐயம் நியாயமானது. ஆசிரியர், அறிவியலர், மலைக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர் என மூவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டால் அது குறையும், முற்றும் நீங்காது. பொதுத்தேர்விலும் அது நீங்கவில்லை.

குறிப்பேட்டின் மொழி

மலையாளிகள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு. செடிக்கும் பூச்சிக்கும் மண்ணுக்கும் மழைக்கும் அவர்களிடம் உள்ள சொற்கள் பள்ளிப் பாடநூலில் இல்லை. பயிற்சிக் குறிப்பேடு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினால் மாணவர் தாம் கண்டதில் பாதியை எழுதமாட்டார். தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்கு ஏற்பக் கண்டதைக் குறைத்துக்கொள்வார். பாடநூல் தமிழில் எழுதச் சொன்னாலும் ஓரளவு அதுவே நேரும். முதல் பதிவு வீட்டு வழக்கில் இருக்கட்டும். அதன் அருகே கலைச்சொல், அறிவியல் பெயர் ஆகியவற்றைப் பின்னர் எழுதலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் இச்செயலில் தமிழ்த்துறை ஆசிரியருக்கும் இடம் உண்டு. அறிவியல் பயிற்சி என்றாலே அது தமக்குத் தொடர்பற்றது என ஒதுங்கும் நம் துறையினர், கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுவதை ஒரு கோடை வயலில் செய்து பார்க்கலாம்.

உடன் பயிலும் ஆசிரியர்

மாணவர் மட்டும் ஆறு வாரம் ஆய்வகத்தில் இருந்து பள்ளிக்குத் திரும்பினால், அங்கே அவர் கேள்விகளைப் பகிர ஆளில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரு கோடைகள் ஆய்வகப் பணி செய்த உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களைப் பற்றிச் சாமுவேல் சில்வர்ஸ்டைன் முதலானோர் 2009இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வாசிரியர்கள் திட்டத்தில் சேர்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டுகளில், அவர்தம் மாணவர்கள் நியூயார்க் மாநில அறிவியல் தேர்வில் தேர்ச்சி பெற்ற விகிதம், பங்கேற்காத ஆசிரியர்களின் மாணவர் விகிதத்தைவிட 10.1 விழுக்காடு மிகுந்திருந்தது. முதல் ஆண்டிலேயே அன்றி மூன்றாம் ஆண்டில் பயன் தோன்றியது என்பது கவனிக்கத்தக்கது. ஓராண்டு நடத்தி, விளைவு அறிக்கை கேட்கும் நம் நல்கைக் குழுக்களின் பொறுமைக்கு இது ஒரு சோதனை. கரியாலூர் வட்டாரத்தில் ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நிகழ்வதால், மலையிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர்களையும் பயிற்சி முடித்த மூத்த மாணவர்களையும் இணைத்தல் நலம்.

யார் பெயரில்

இறுதியாக, எழுதப்படும் முடிவு யாருடையது என்ற வினா எழுகிறது. 2010இல் இங்கிலாந்தின் பிளாக்காட்டன் தொடக்கப் பள்ளியைச் சேர்ந்த 8 முதல் 10 வயது வரையிலான 25 குழந்தைகள், வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் வடிவமைப்பையும் கொண்டு பூக்களைத் தேர்வது பற்றிச் செய்த ஆய்வு ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளியாயிற்று. கட்டுரை குழந்தைகளின் சொற்களிலேயே இருந்தது. படங்கள் வண்ணப் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. முன்னாய்வு மேற்கோள் ஒன்றும் இல்லை. குழந்தைகள் படிக்கக்கூடிய முன்னாய்வு இல்லாததால் மேற்கோளை வற்புறுத்துவது பொருந்தாது என இதழ் ஏற்றுக்கொண்டது. மதிப்பீட்டுக்குட்பட்ட இதழ் ஒன்று தன் விதியை எங்கே தளர்த்தலாம், எங்கே தளர்த்தலாகாது என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது: வடிவத்தில் தளர்த்தினர், சான்றில் தளர்த்தவில்லை.

கரியாலூர் மாணவர் எண்ணிய தளிர்களின் தரவு, வழிகாட்டியின் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறுமாயின், நன்றியுரையில் ‘உதவிய பள்ளி மாணவர்கள்’ என ஒரு வரி எழுதுவதே வழக்கமாக இருக்கும். அது தகவலாளி பட்டியலின் இன்னொரு வடிவம். கேள்வியை வகுத்து, அளந்து, விளக்கம் கண்டவர் ஆசிரியர் வரிசைக்கு உரியவர். அகவை அதற்குத் தடையன்று. மூலிகை போன்ற வழிவழி அறிவு ஆய்வுப் பொருளாகும்போது, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் பயன்பகிர்வு நெறியும் சேர்ந்துகொள்கிறது. அங்கே மாணவர் தம் பாட்டியிடமிருந்து கேட்டறிந்ததைத் தம் தரவாக எழுதலாமா என்பதையும் குடும்பத்தோடு பேசித்தான் முடிவு செய்யவேண்டியிருக்கும். அவ்வுரையாடலுக்கு ஆறு வாரத்தில் ஒரு நாளையேனும் ஒதுக்குதல் வேண்டும். அது கரியாலூரில், அவர்கள் வீட்டுத் திண்ணையில் நடைபெறுவது முறை.